கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரசிகர்

"உடைக்கச் சொன்னா ஒரு நிமிஷத்துல உடைச்சிடுவேன். திறக்கணும்னா கொஞ்சம் பொறுக்கணும்" என்றார் பூட்டுக்காரர், படுக்கையறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.

"உடைக்க வேணாங்க, வாடகை வீடு" என்றாள் அவரை வரவழைத்தவள். "சாவியும் உள்ளயே மாட்டிக்கிச்சு."

"உள்ள யாரு, குழந்தையா?"

"எங்க வீட்டுக்காரர்."

சாவித் துவாரத்தில் கம்பியை நுழைத்த பூட்டுக்காரர் அப்படியே நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "சண்டையாம்மா?"

"சண்டைன்னா நான் உள்ள இருப்பேன், அவர் வெளிய நிப்பாரு. காலையில ஒரு போன் வந்துச்சு. உடும்புக்கு நேத்துப் பயிற்சியில பட்ட அடியில முட்டியே போயிடுச்சாம், இனிமே ஆடவே மாட்டாராம். அவ்வளவுதான். போனை வெச்சாரு, உள்ள போனாரு, பூட்டிக்கிட்டாரு."

பூட்டுக்காரரின் கையிலிருந்த கம்பி நழுவித் தரையில் விழுந்தது.

உடும்பு என்பது உள்ளூர்க் கால்பந்து அணியின் கோல் கீப்பருக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர். கைக்கு வந்த பந்தை அவராக மனது வைத்து விட்டால்தான் உண்டு. அன்று மாலை, உள்ளூர் மைதானத்தில் இறுதி ஆட்டம்.

"உடும்பண்ணன் ஆடமாட்டாரா?" என்றார் பூட்டுக்காரர். "வேலை வேலைன்னு அலைஞ்சதுல டிவியே பார்க்கலம்மா. என் கடைக்கே உடும்பு பூட்டு நிலையம்னுதான் பேரு."

சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டினார். முன்னங்கையில் ஓர் உடும்பைப் பச்சை குத்தியிருந்தார். பார்க்கப் பல்லி மாதிரிதான் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"அண்ணே" என்று கதவில் வாயை ஒட்டிக் கூப்பிட்டார் பூட்டுக்காரர். "நானும் நம்ம ஆளுதான்."

"உள்ளூர்ல ஒரு மேட்ச் விட்டதில்லீங்க நான்" என்றது உள்ளேயிருந்து ஒரு கம்மிய குரல். "வெளியூர்லயும் விட்டதில்ல. மழைன்னு பார்த்ததில்ல, வெயில்னு பார்த்ததில்ல."

"பத்து வருஷமா இதே கூத்துதான்" என்றாள் மனைவி. "கல்யாண நாள் என்னிக்குன்னு கேளுங்க, முழிப்பாரு. உடும்புக்கு எந்தத் தோள்ல எப்ப வலி வந்துச்சுன்னு கேளுங்க, தூக்கத்துலகூட ஒப்பிப்பாரு."

"அது ஒரு மாதிரி பாசம்மா. சொன்னாப் புரியாது."

"பாசம்னா வேலைக்குப் போகாம அடைஞ்சு கிடக்கணுமா? இத்தனை வருஷம் உக்கார்ந்துக்கிட்டே சம்பளம் வாங்கின மனுஷனுக்கு இன்னிக்குத்தான் வேலையே வந்திருக்கு."

"கவர்மென்ட் உத்தியோகமா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இடது பக்கம் பாயுறதுக்கு முன்னாடி அவரு நாக்கைக் கடிச்சுக்குவாரு" என்றது உள்ளேயிருந்த குரல். "பார்த்துப் பார்த்து எனக்கும் அதே பழக்கம். அவரு அங்க நிக்கிறாருன்னா நமக்கு ஒரு நிம்மதிங்க. நம்ம பாரத்தையும் சேர்த்து அவரே சுமக்கிற மாதிரி."

"நூத்துல ஒரு வார்த்தை. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ டாக்டர் சொன்ன எதையும் நான் நம்பலண்ணே. அன்னிக்கு அண்ணன் ஒரு பெனால்டியை ஒத்தைக் கையால தடுத்தாரு. அப்பதான் அவ பிழைச்சுக்குவான்னு தைரியம் வந்துச்சு."

"பிழைச்சாங்களா?"

"நல்லாவே. இன்னிக்குக் காலையிலகூட வண்டி வண்டியாத் திட்டினா."

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தாராளமாக அழுதார்கள். நடுவில் கதவு மட்டும் கல்லாக நின்றது.

"முதல்ல பூட்டைப் பாருங்க" என்றாள் மனைவி. "அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சே அழலாம்."

பூட்டுக்காரர் கம்பியைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி துவாரத்தைக் குடைந்தார். இப்போது துக்கம் போய்க் கோபம் வந்திருந்தது.

"அண்ணன் போனதுகூடப் பரவால்ல. அவரு இடத்துல இன்னிக்கு நிக்கப்போறானே, அவனை நினைச்சாத்தான் வயிறு எரியுது. மாத்து கீப்பராம். மூஞ்சிகூட ஞாபகத்துக்கு வரல. பந்து பக்கத்துல வந்தா குனிஞ்சு வழி விடுவான்."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது.

"ஆமாங்க" என்றது குரல். "அவனால ஆகாது."

"மானமுள்ளவனா இருந்தா வீட்டை விட்டே வெளிய வரமாட்டான்."

"அதையேதாங்க நானும் நினைச்சேன்."

"ஏங்க, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டீங்களா" என்று பூட்டுக்காரர்மேல் பாய்ந்தாள் மனைவி. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

கீழே தெருவில் ஏதோ பெரிய வண்டி ஹாரன் அடித்தது. அவள் கையிலிருந்த போனும் ஒலித்தது. "இதோ, திறந்துக்கிட்டே இருக்காங்க சார்" என்று வைத்துவிட்டு, உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

"கேட்டுச்சா? பஸ்ஸை நம்ம வாசலுக்கே கொண்டுவந்துட்டாங்க. கோச் படியேறி வர்றாராம். மத்த பத்து பேரும் ஏறியாச்சு, கோல் கீப்பர் நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அந்த நேரம் பார்த்துப் பூட்டு கடக்கென்று விட்டுக்கொடுத்தது. பூட்டுக்காரர் சட்டென்று கைப்பிடியை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவளை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இதைத் திறந்துதான் ஆகணுமா?"