ஒட்டியிருந்த வளையம்

“டூப்ளிகேட் வியாபாரம் பண்றதுக்கு உங்களுக்கு வெட்கமா இல்லையா?”

பல் டாக்டர் போட்ட சத்தத்தில் உதிரிபாகக் கடையே நிமிர்ந்து பார்த்தது. எண்ணெய் வழியும் ஆயில் ஃபில்டர் ஒன்றைப் பாலிதீன் பையோடு மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

கடைக்காரருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. முப்பது வருடமாக இதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். விலை அதிகம் என்று சொன்னவர்கள் உண்டு. வாய் அதிகம் என்று சொன்னவர்கள் நிறையவே உண்டு. போலி என்று ஒருவரும் சொன்னதில்லை.

“வார்த்தையை அளந்து பேசுங்க டாக்டர். போன சனிக்கிழமை இதே மேசையில நாலு ஃபில்டரை எடுத்து வச்சேன். நீங்க கையை வச்சது எதுல? இருக்கிறதுலேயே மட்டமானதுல. ‘எல்லாம் ஒரே டப்பாதானே’ன்னு வேற சொன்னீங்க.”

“நீங்கதானே வேண்டாம்னு தடுத்தீங்க?”

“ஆமா, தடுத்தேன். உள்ளே காகித மடிப்பு கம்மி, வண்டி நிக்கும்போது எண்ணெயைப் பிடிச்சு வைக்கிற வால்வும் சரியில்ல, உங்க இஞ்சினுக்கு ஆகாதுன்னு சொல்லி, இதை நான்தான் எடுத்துக் குடுத்தேன். நல்லது சொன்னதுக்கு எனக்கு இந்தப் பட்டமா?”

“நல்லதா? மாட்டி நாலு நாள்கூட ஆகல. மேம்பாலத்து நடுவுல சிவப்பு விளக்கு எரியுது. இறங்கிப் பார்த்தா எண்ணெய் பூரா ரோட்டுல. இஞ்சின் போச்சு. பின்னாடி வந்தவன் எல்லாம் எங்க அப்பா அம்மாவை விசாரிச்சுட்டுப் போறான்!”

கடைக்காரர் ஃபில்டரைப் பையிலிருந்து உருவினார். வாய்ப்பக்கம் திருப்பி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். பாதி வட்டத்தில் விரல் நின்றது. நகத்தைக் கொடுத்து நெம்பினார்.

“இங்க பாருங்க. எத்தனை ரப்பர் வளையம்?”

“ரெண்டு.”

“ஒரு ஃபில்டருக்கு ஒண்ணுதான். அடியில மெத்துன்னு இருக்கே, அது என்னோடது. மேலே காய்ஞ்சு கல்லாப் போயிருக்கே, அது உங்க பழைய ஃபில்டரோடது. பழசைக் கழட்டும்போது வளையம் மட்டும் சில சமயம் இஞ்சின்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். அதை எடுக்காம புதுசை முடுக்கினா, ரெண்டும் வழுக்கி எண்ணெய் பீச்சி அடிக்கும். நீங்க பழைய பல்லைப் பிடுங்காம அது மேலேயே புதுப் பல்லைக் கட்டுவீங்களா?”

பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய டாக்டர், முதல்முறையாகத் தன் வாயைத் திறந்தபடி நின்றார்.

விட்டாரா கடைக்காரர்? “எந்த மடையன் மாட்டினான் இதை? அவனை விடுங்க, அவனுக்குத் தொழில் கத்துக் குடுத்தவனைச் செருப்பால அடிக்கணும்!”

“அவன் இல்ல, ஒரு பொண்ணு. சொந்தமா மெக்கானிக் ஷெட் போட்டு நாலு மாசம்தான் ஆகுது. பொறுப்பான பொண்ணாச்சேன்னு நம்பி விட்டேன். இருக்கட்டும். இந்த ரெண்டு வளையம் போதும் சாட்சிக்கு. கோர்ட்டுக்குப் போறேன். அந்த ஷெட்டை இழுத்து மூட வைக்காம விடமாட்டேன்!”

“தாராளமா மூடுங்க. இவங்களாலதான் எங்க பேரும் கெடுது. பில்லாவது குடுத்தாங்களா?”

டாக்டர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். கடைக்காரர் மேலே அச்சிட்டிருந்ததைப் படித்தார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார்.

பிறகு ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“டாக்டர்... நான் அவசரப்பட்டுட்டேன். இது பழசு இல்ல. கம்பெனியிலேயே ரெண்டு வளையமா ஒட்டி வந்திருக்கு. நான் பார்க்காம குடுத்துட்டேன்.”

“இப்பத்தானே கல்லாப் போச்சுன்னீங்க?”

“கண்ணாடி போடாம பார்த்தேன்.”

“அப்ப தப்பு உங்க கடையோடது?”

“எங்க கடையோடதுதான். இஞ்சின் வேலைக்கு ஆகுறதை நான் குடுத்துடறேன்.”

“எழுதிக் குடுங்க.”

எழுதி, முத்திரையும் குத்தினார். டாக்டர் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். “முப்பது வருஷக் கடையாம்! பெரிய பேராம்! ஊர் பூரா சொல்றேன் பாருங்க. பாவம் அந்தப் பொண்ணு, காலையில அதை வேற கண்டபடி திட்டிட்டு வந்தேன். அழுதுடுச்சு.”

“அதை எதுக்குய்யா திட்டினீங்க?” கடைக்காரர் விருட்டென்று எழுந்துவிட்டார். உடனே உட்கார்ந்து, குரலை இறக்கினார். “இல்ல... தப்பு அதுமேல இல்லையே, அதுக்குச் சொன்னேன். போய் ஒரு வார்த்தை சமாதானமாப் பேசிடுங்க. பில் இங்கேயே இருக்கட்டும். கம்பெனிக்கு அனுப்பணும்.”

டாக்டர் வெற்றிநடை போட்டுப் படியிறங்கினார். பில் போடும் அம்மாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தாள்.

“என்ன முதலாளி இது? நானே பார்த்தேனே, அது பழைய வளையம்தான்! யாரோ செஞ்ச தப்புக்கு நம்ம கடை மானத்தை ஏன் வாங்குறீங்க?”

கடைக்காரர் பில்லின் தலைப்பில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போனில் அழுத்தினார். எடுத்த சத்தம் கேட்டதுதான் தாமதம், இதுவரை அடக்கியதெல்லாம் வெடித்தது.

“அறிவிருக்கா உனக்கு? மாட்டுறதுக்கு முன்னாடி பழைய வளையம் ஒட்டியிருக்கான்னு தடவிப் பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நாலு மாசத்துலேயே கடையை மூடிட்டு நிக்கப் போறியா?”

மறுமுனையிலிருந்து, மூன்று வருடங்களாக அவர் கேட்காத குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“அப்பா?”