ஏழாம் வளைவை அறிந்த கருவி

2019 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மலையெங்கும் மூடுபனி.

இறக்கத்தில் பின்னால் இழுத்துவரும் டிரெய்லரைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு யாருக்கு என்று, பிக்கப் வண்டியுடன் பிறந்த பிரேக் கருவியும் பழைய சாமான் கடையிலிருந்து வந்த பிரேக் கருவியும் சண்டையிட்டன.

“அக்கா, இவ்வண்டியின் ஒவ்வொரு நடுக்கமும் எனக்குத் தெரியும்” என்று டிரெய்லரிடம் சொன்னது பிறவிக் கருவி.

“ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு உலகம் தெரியுமா? நான் நான்கு வண்டிகளைக் கண்டிருக்கிறேன். இம்மலையின் ஏழாம் வளைவு எனக்கு மனப்பாடம்” என்று சிரித்தது கடைக் கருவி.

“அந்த வண்டிகள் இப்போது எங்கே, தம்பி?” என்று கேட்டது டிரெய்லர்.

“அவ்வளைவின் கீழேதான் இருக்கின்றன, அக்கா” என்றது அது, மிகவும் அன்பாக.

ஓட்டுநர் இணைக்க முயன்றபோது, டிரெய்லர் கடைக் கருவியின் கம்பியைத் தன்னுள் நுழையவிடவில்லை. அவர் அலுத்துப்போய்ப் பிறவிக் கருவியையே இணைத்தார். ஏழாம் வளைவில், இணைப்பே இல்லாத கடைக் கருவியின் சிவப்பு விளக்கு தானாக எரிந்து அணைந்தது.

டிரெய்லர் நலமாக அடிவாரம் சேர்ந்தது. கடைக்காரர் அக்கருவியைத் திரும்பப் பெற்று, துடைத்து வைத்தார். மறுநாளே அது விற்றுப்போயிற்று.