ஃபிரீசரில் ஒரு பை

"மிஸ், போன மாசம் பதினொண்டாம் திகதி எடுத்த ரத்தம் இன்னும் கிடக்கோ?"

இரத்த வங்கிக் கவுண்டரில் இருந்த சாமினி நிமிர்ந்தாள். வெயிலில் கறுத்த மனிதர். பெயர் கிளறன்ஸ் என்றார். முகத்துவாரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். கையில் பை நம்பர் எழுதிய ஒரு துண்டு.

"ஆருக்கும் ரத்தம் தேவையோ அங்கிள்?"

"இல்லை மகள்."

"அப்ப ரத்தம் குடுக்கேக்க நிரப்பின ஃபோமில ஏதும் நோய் வருத்தத்தை மறைச்சுப் போட்டீங்களோ?"

"ஐயோ, நல்ல ரத்தம்! கிடக்கோ எண்டுதான் கேட்டனான்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நம்பரைக் கணினியில் தட்டினாள்.

"எடுத்ததை அப்படியே வைக்கிறேல்ல அங்கிள். மூண்டாப் பிரிப்பம்."

"மூண்டாவோ?" அவர் கலங்கிப் போனார். "பிரிச்சா அது பிறகு ரத்தமோ?"

சாமினிக்குச் சிரிப்பு வந்தது. "சிவப்பணு மூச்சுக்காத்தைச் சுமக்கிறது. பிளேட்லெட் காயம் பட்டா ரத்தத்தை உறைய வைக்கிறது. மற்றது பிளாஸ்மா, மஞ்சள் தண்ணி மாதிரி. எல்லாம் மிதந்து போறது அதிலதான்."

"வெள்ளை எண்டும் ஒண்டு படிச்ச ஞாபகம்."

"அது கிருமியோட சண்டை பிடிக்கிற ஆள். அதை நாங்கள் தனியா எடுத்து வைக்கிறேல்ல."

அவள் திரையைப் பார்த்து வாசித்தாள். "பிளேட்லெட் அஞ்சு நாள்தான் தாங்கும். மூண்டாம் நாளே ஒரு டெங்குப் பிள்ளைக்குப் போயிட்டுது."

"போயிட்டுதோ..."

"சிவப்பணு ஒரு ஒப்பரேஷனுக்கு."

அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் போயிட்டுதோ?"

சாமினி குழம்பினாள். தன் இரத்தம் ஒருவருக்கு உதவியது என்று கேட்டால் யாருக்கும் முகம் மலரும். இவருக்கு ஏன் இருண்டு போகிறது?

"ரெண்டு பேருக்கு உதவியிருக்கு அங்கிள். சந்தோசப்படுங்கோ."

"சந்தோசம்தான் மகள். அந்த... மஞ்சள் தண்ணி?"

"அது ஃபிரீசரில கிடக்கு. ஒரு வருசம் தாங்கும்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "ஒருக்காப் பாக்கேலுமோ? தொடமாட்டன். கண்ணாடிக்கு இங்கால நிண்டு."

"நல்ல ஆள்தான்! உங்கட உடம்பிலயே அஞ்சு லீற்றர் ஓடுது, இந்த ஒரு பையைப் பாத்து என்ன செய்யப் போறீங்கள்? நாலு மாசம் கழிச்சு வந்து திரும்பக் குடுங்கோ. கண்ணுக்கு முன்னாலயே எடுத்துக் காட்டுறன்."

"அது என்ர இல்லை மகள்," கிளறன்ஸ் மெதுவாகச் சொன்னார். "என்ர மகன் பிறெடியின்ர. குடுத்து அடுத்த கிழமை கடலுக்குப் போனவன், வள்ளம் மட்டும்தான் திரும்பி வந்தது. கரையில அவன்ர உடம்பெண்டு கிடக்கிறது அது ஒண்டுதான்."