இருசம்மாளின் தைலப் பானை

தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் அடுப்பில் பானையையும் குழாயையும் கண்டதும் தம்புசாமி கங்காணி கத்தினார். "சாராயமா காய்ச்சுற, இருசம்மா?"

"செராய்ப் புல்லு தைலம். மோந்து பாருங்க. புருஷன் குடிச்சிட்டு வந்து ஒதச்ச இடுப்புக்குத் தேய்க்கணும்" என்றாள் அவள், எழுந்திருக்காமலே.

முகர்ந்தார். எலுமிச்சைப் புல் வாசனைதான். ஆனாலும் விடவில்லை.

"எதுவா இருந்தா என்ன? பானைய எடு, ஆபீஸ்ல ஒப்படைக்கணும்."

"நானே தூக்கிட்டு வரேன். இத எங்கேருந்து எடுத்தேன்னு தொரைகிட்ட நானே சொல்றேன்."

"எங்கேருந்து?" கங்காணியின் குரல் இறங்கியது.

"உங்க மாட்டுக் கொட்டாயிலேருந்து. எம்புருஷனுக்கு நீங்க வித்ததெல்லாம் இதுல காய்ச்சினதுதானே? நடங்க, ஆபீசுக்கு!"

கங்காணி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அப்ப தள்ளி நில்லுங்க. இனிமே இதுல தைலம்தான் எறங்கும்."