எனக்கு ஓடுதே

பாண்டுங் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தியூர், கம்பெனியின் வலைத்தள ப்ராஜெக்டைத் தன் லேப்டாப்பில் ஏற்றினாள். அதற்கு வேண்டிய துணை மென்பொருள் பேக்கேஜ்கள் எல்லாம் தானாக இறங்கின. தளம் மட்டும் திறக்கவில்லை.

“எனக்கு ஓடுதே. நீ எதையோ நோண்டியிருக்கே,” என்றான் சீனியர் பாகஸ்.

“நீங்க சொன்னபடிதாண்ணா செஞ்சேன்.”

“அப்ப இந்த வேலை உனக்குச் சரிப்படாது.”

அழித்து அழித்து ஏற்றிப் பார்த்தவள், அந்த வாரமே வேலையைவிட்டு நின்றுவிட்டாள்.

சில மாதம் கழித்து பாகஸ் அவளுக்குப் போன் செய்தான்.

“உங்க நேரத்தை ரொம்ப வீணாக்கிட்டேண்ணா, மன்னிச்சிருங்க. கம்ப்யூட்டர் எனக்கு வராதுன்னு புரிஞ்சுபோச்சு. அக்கா கடையில பக்ஸோ கறியுருண்டை சூப் ஊத்துறேன். என்ன விஷயமாக் கூப்பிட்டீங்க?”

“சும்மாதான்.”

அவனுக்குக் கொடுத்திருந்த புது லேப்டாப்பிலும் அதே பிழை நின்றது; பொருந்தாத புது வெர்ஷன்கள் இறங்கியிருந்தன. எந்தப் பேக்கேஜுக்கு எந்த வெர்ஷன் என்று சொல்லும் ஃபைலை எல்லோரும் எடுக்கும் ப்ராஜெக்டில் சேர்க்காமல், பழைய லேப்டாப்பிலேயே விட்டுவைத்தது அவன்தான்.