நாளைய கட்டத்திலும் டிக்

“நீங்க எந்தக் காலேஜுங்க?” என்று கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த முதல் நாள் மதிவதனி என்னைக் கேட்டாள். ஒன்பதாவதோடு நின்று இந்தக் குதிரை லாயத்தில் லத்தி அள்ளுகிறேன் என்று சொன்னதிலிருந்து ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுகிறாள். இப்போது தகரக் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் வெள்ளைக் குதிரை முன்னங்காலை ஊன்றாமல் நடுங்குகிறது. நான் அதன் காலை மடக்கிக் கொக்கியால் குளம்பைச் சுரண்ட, சீழோடு ஒரு ஜல்லிக்கல் விழுகிறது. தினமும் குளம்பு பார்ப்பது மதிவதனியின் வேலை. அவள் விரித்து வைத்திருக்கும் பயிற்சி நோட்டில், நாளைய கட்டத்தில்கூட குளம்பு பார்த்ததாக டிக் இருக்கிறது. “ஏனம்மணி, காலப் பாக்காம என்ன பண்ணுனே? நாளையிலிருந்து வேலைக்கு வராதே!” லாயத்துக்குள் வந்த முதலாளி என்னிடம்தான் கத்துகிறார். குதிரையின் மூச்சு என் கழுத்தில் சுடுகிறது. “நீயே சொல்லு,” என்று கல்லை மதிவதனியிடம் நீட்டுகிறேன். அவள் நோட்டை மூடிப் பைக்குள் திணித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிறாள்.