மாவு பிசைய ஒரு கை

"தடார்!" என்று கதவு திறந்தது. ராஜபாளையம் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக்குள் சிவபாண்டி பாய்ந்து வந்தான். பின்னாலேயே அவன் மனைவி மாரீஸ்வரி.

"மணிக்கட்டு முறிஞ்சு, எலும்பு விலகி, ஆபரேஷன் ஆச்சு மேடம். கம்பியையும் எடுத்துட்டாக. கைக்குப் பழைய பலம் எப்ப வரும்? வீட்டுல பொழப்பே ஓடல."

"என்ன சிரமம்?" என்று கேட்டாள் பிசியோதெரபிஸ்ட் அக்சா.

"துணி பிழிஞ்சா பாதித் தண்ணி சட்டையிலயே நிக்குது. சப்பாத்தி தேய்ச்சா விருதுநகர் மாவட்ட மேப் கணக்கா வருது. தேங்கா துருவுனா விரலும் சேந்து வருது."

மாரீஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அடப்பாவமே, இம்புட்டு மோசமா? கையை நீட்டுங்க, பாப்போம்."

சிவபாண்டி மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏட்டி, கையை நீட்டு! இம்புட்டு நேரம் சொன்னது என் கை லட்சணம் மேடம், ஆபரேஷன் இவளுக்கு!"